அமெரிக்க செனட்டில் யார் மூத்தவர்? பணிமூப்பு வரிசையும் அதன் உண்மையான எடையும்

2021 ஜனவரி 20 அன்று, துணை அதிபராகப் பொறுப்பேற்ற சில மணி நேரத்தில், கமலா ஹாரிஸ் செனட் அவைக்கு வந்து ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டு புதிய செனட்டர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஒருவர் ராஃபேல் வார்னாக். 51 வயது, அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். மற்றவர் ஜான் ஆசாஃப்; 33 வயது, ஆவணப்படத் தயாரிப்பாளர். இருவருக்கும் ஒரே மாநிலம், ஒரே கட்சி. ஒரே நாளில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் வென்றவர்கள். இருவருமே அதற்கு முன் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஆனாலும் அன்று முதல் ஆசாஃப்தான் ஜார்ஜியாவின் மூத்த செனட்டர். பதினெட்டு வயது பெரியவரான வார்னாக் இளைய செனட்டர். ஆங்கில அகரவரிசையில் ஆசாஃபின் குடும்பப் பெயர் ‘ஓ’வில் தொடங்குகிறது, வார்னாக்கின் பெயர் ‘டபிள்யூ’வில் தொடங்குகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றும். ஆனால் நூறு பேர் கொண்ட அந்த அவையில் யாருக்கு எந்த அலுவலகம், யார் எந்தக் குழுவுக்குத் தலைவர், அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்பதெல்லாம் இந்த ஒரே கணக்கின் கிளைகள். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செனட்டில் பணிமூப்பு மூன்று வகையாகக் கணக்கிடப்படுகிறது: முழு அவைக்கான வரிசை, மாநிலத்துக்குள் மூத்தவர் இளையவர் என்ற வரிசை, ஒரு குழுவுக்குள் ஒரு கட்சியின் உறுப்பினர்களுக்கான வரிசை. முதல் இரண்டும் பெரும்பாலும் மரியாதை. அதிகாரம் இருப்பது மூன்றாவதில். அதையோ கட்சிகள்தான் வைத்திருக்கின்றன. நினைத்தால் மாற்றவும் செய்கின்றன.

முழு அவையின் வரிசை

இந்திய வாசகருக்கு அடிப்படை அமைப்பு பழகியதுதான். மாநிலங்களவை போலவே செனட்டிலும் ஆறு ஆண்டுப் பதவிக்காலம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல், ஒட்டுமொத்தமாக ஒருபோதும் கலையாத அவை. பெரிய வேறுபாடு, மாநிலத்தின் அளவு எதுவானாலும் தலா இரண்டே இடங்கள் என்பது. கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு.

வரிசையில் ஒருவரின் இடத்தை முடிவு செய்யும் முதல் அளவுகோல், இடைவெளியில்லாத இப்போதைய பணி எந்த நாளில் தொடங்கியது என்பது. பொதுத்தேர்தலில் வென்று வருபவர்களுக்கு அது ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 3. இடைத்தேர்தலிலோ ஆளுநரின் நியமனத்திலோ வருபவர்களுக்கு, அவர்களது பணி எந்த நாளில் தொடங்கியதாகச் செனட் பதிவு செய்கிறதோ அந்த நாள்.

சிக்கல் ஜனவரி 3-இல்தான் வருகிறது. ஒரே நாளில் ஏழு பேரோ பத்துப் பேரோ நுழைந்தால் யார் முன்னால்? அதற்குத்தான் அடுத்தடுத்த சல்லடைகள். முன்பு செனட்டராக இருந்தவர் முதலில். அடுத்து முன்னாள் துணை அதிபர். அடுத்து, நம் மக்களவை போன்ற பிரதிநிதிகள் சபையின் முன்னாள் உறுப்பினர். இப்படிப் பலர் இருந்தால் அங்கே அதிக ஆண்டுகள் இருந்தவர் முன்னால். பிறகு முன்னாள் அமைச்சரவை உறுப்பினர், பிறகு முன்னாள் மாநில ஆளுநர். இவை எதிலும் பிரியாவிட்டால், சமீபத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரிய மாநிலத்தின் செனட்டர் முன்னால். இருவரும் ஒரே மாநிலம் என்றால் மட்டுமே அகரவரிசை. ஆசாஃபுக்கும் வார்னாக்குக்கும் கடைசிச் சல்லடைதான் பயன்பட்டது.

2023 ஜனவரி 3 அன்று நுழைந்த ஏழு பேரை இதில் போட்டுப் பார்க்கலாம். வெர்மான்ட்டின் பீட்டர் வெல்ச் பிரதிநிதிகள் சபையில் 16 ஆண்டுகள் இருந்தவர், அவர் முதலில். ஓக்லஹோமாவின் மார்க்வெய்ன் மல்லின் அங்கே 10 ஆண்டுகள், வட கரோலினாவின் டெட் பட் 6 ஆண்டுகள்; இவர்கள் இரண்டாவது, மூன்றாவது. மீதி நால்வருக்கும் சல்லடையில் நிற்கும் முன்பதவி எதுவும் இல்லை. பென்சில்வேனியாவின் துணை ஆளுநராக இருந்தவர் ஜான் ஃபெட்டர்மன், மிசூரியின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தவர் எரிக் ஷ்மிட். இந்தப் பதவிகள் கணக்கில் வராது. ஆகவே மக்கள்தொகை. 2020 கணக்கெடுப்பில் பென்சில்வேனியா 5-ஆவது பெரிய மாநிலம், ஒஹையோ 7-ஆவது, மிசூரி 19-ஆவது, அலபாமா 24-ஆவது. அதனால் ஃபெட்டர்மன், ஜே.டி. வான்ஸ், ஷ்மிட், கேட்டி பிரிட் என்று வரிசை அமைந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி நெப்ராஸ்காவின் பீட் ரிக்கெட்ஸ் நியமன உறுப்பினராக வந்து சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தவர், ஆனாலும் ஏழு பேருக்கும் பின்னால். சல்லடை ஒரே நாளில் வந்தவர்களைப் பிரிக்க மட்டுமே. தாமதமாக வந்தவருக்கு எவ்வளவு பெரிய முன்பதவியும் உதவாது.

ஒருமுறை அமைந்த இந்தச் சிறு வரிசை பல பத்தாண்டுகளுக்கு அப்படியே தொடரும். 1997 ஜனவரியில் சேர்ந்தவர்களில் டிக் டர்பின், ஜாக் ரீட், சூசன் காலின்ஸ் ஆகிய மூவர் 2025-இல் புதிய அவை தொடங்கியபோதும் இருந்தார்கள். டர்பினுக்குப் பிரதிநிதிகள் சபையில் 14 ஆண்டுகள், ரீடுக்கு 6, காலின்ஸுக்கு எதுவுமில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் முழு அவையில் அவர்கள் 5, 6, 7 என்று அதே ஒழுங்கில் நின்றார்கள். அவர்களுக்கு மேலே 1981-இல் வந்த சக் கிராஸ்லி, 1985-இல் வந்த மிட்ச் மெக்கானல், 1993-இல் வந்த பேட்டி மர்ரே, 1996 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வழியாக வந்த ரான் வைடன்.

நாளே எல்லாம் என்பதால் அந்த நாளுக்காகச் சில ஏற்பாடுகளும் நடந்திருக்கின்றன. 1984 தேர்தலில் மாசசூசெட்ஸில் ஜான் கெர்ரி வென்றார். ஓய்வுபெற இருந்த பால் சாங்கஸ் ஒரு நாள் முன்னதாகவே விலகிக்கொள்ள, கெர்ரி 1985 ஜனவரி 2 அன்று பதவிக்கு வந்தார். அந்த ஒரு நாளால் அல் கோர், டாம் ஹார்கின், மெக்கானல் எல்லோரும் அவருக்குப் பின்னால் போனார்கள். விலகுகிறவர் தன் வாரிசுக்குச் செய்யும் கடைசி உதவியாக இது நீண்ட காலம் இருந்தது. பிற்பாடு கட்சிகள் குழு ஒதுக்கீட்டில் இப்படிக் கிடைத்த நாட்களைப் பொருட்படுத்துவதை நிறுத்தியதால் இந்த உத்தியின் மதிப்பு பெரிதும் குறைந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் நடக்கும். அதே 1984-இல் வென்ற மேற்கு வர்ஜீனியாவின் ஜே ராக்கஃபெல்லர் ஆளுநர் பதவிக்காலத்தை முடித்துவிட்டு ஜனவரி 15 அன்றுதான் வந்தார். அதே காரணத்துக்காக ஃப்ளோரிடாவின் ரிக் ஸ்காட் 2019-இல் ஐந்து நாட்கள் தாமதமாகவும், மேற்கு வர்ஜீனியாவின் ஜிம் ஜஸ்டிஸ் 2025-இல் ஜனவரி 14 அன்றும் சேர்ந்தார்கள். ஆளுநராக இருந்தது சல்லடையில் ஒரு தகுதி. ஆனால் ஆளுநராக இருந்த காரணத்தாலேயே தாமதமானதால் அந்தத் தகுதி அவர்களுக்குப் பயன்படவே இல்லை.

இடைவெளி விழுந்தால் பழைய பணி கணக்கிலிருந்து போய்விடும் என்பதுதான் இந்த முறையின் மிகக் கடுமையான பகுதி. நியூ ஜெர்சியின் ஃபிராங்க் லாட்டன்பெர்க் 1982 முதல் 18 ஆண்டுகள் செனட்டராக இருந்து 2001 ஜனவரியில் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஜான் கோர்சைன் வந்தார். 2003-இல் மாநிலத்தின் இன்னொரு இடத்தை வென்று லாட்டன்பெர்க் திரும்பியபோது, பழைய 18 ஆண்டுகள் அவரை 2003-இல் சேர்ந்தவர்களுக்குள் முதலிடத்தில் வைத்தன. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தன் இருக்கையில் தனக்குப் பின் வந்து அமர்ந்தவருக்கே அவர் இளைய செனட்டரானார்.

இவருக்கும் முன்னோடி கென்டக்கியின் ஆல்பன் பார்க்லி. 22 ஆண்டுகள் செனட்டர், அதில் பத்து ஆண்டுகள் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், பிறகு ட்ரூமனின் துணை அதிபர். 1955-இல் 77 வயதில் இளைய செனட்டராகத் திரும்பினார். 1956 ஏப்ரல் 30 அன்று வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் மாணவர்கள் முன் பேசும்போது பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றியே சொன்னார்: வலியோரின் ஆசனங்களில் அமர்வதைவிடக் கர்த்தரின் இல்லத்தில் ஊழியனாக இருப்பதையே விரும்புகிறேன் என்று. சொல்லி முடித்த கணத்தில் மேடையிலேயே மயங்கி விழுந்து இறந்தார்.

மாநிலத்துக்குள் மூத்தவர்

இரண்டு செனட்டர்களில் முன்னால் வந்தவர் மூத்தவர். வயதுக்கோ வாக்கு வித்தியாசத்துக்கோ இங்கே இடமில்லை. சட்டப்படி இதனால் கூடுதல் வாக்கோ கூடுதல் சம்பளமோ கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்தில் மூத்தவர் அசைக்க முடியாதவராக அமைந்துவிட்டால் மற்றவர் வாழ்நாள் முழுக்க இளையவராகவே இருக்க நேரும். தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் 1966-இல் வந்தார். ஸ்ட்ராம் தர்மண்ட் அதற்கு முன்பே அங்கே இருந்தார். 2003 ஜனவரியில் நூறு வயது நிறைந்த பிறகே வெளியேறினார். ஹாலிங்ஸ் 36 ஆண்டுகள் இளைய செனட்டராக இருந்து, 81 வயதில் மூத்தவரானார். இரண்டே ஆண்டுகளில் ஓய்வுபெற்றார். அயோவாவின் டாம் ஹார்கினுக்கு அதுவும் கிட்டவில்லை. 30 ஆண்டுப் பணியை முடித்து 2015-இல் போகும்போதும் கிராஸ்லிக்கு இளையவர்தான். கலிஃபோர்னியாவில் டயான் ஃபைன்ஸ்டைனும் பார்பரா பாக்சரும் 1992-இல் ஒரே நாள் தேர்தலில் வென்றவர்கள். ஃபைன்ஸ்டைன் வென்றது இடைத்தேர்தல் என்பதால் நவம்பரிலேயே பதவியேற்றார். பாக்சர் ஜனவரி வரை காத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தால் பாக்சர் 24 ஆண்டுகள் இளையவர். அவரது இடத்துக்கு வந்த கமலா ஹாரிஸும் துணை அதிபராகும்வரை அப்படியே.

மூத்த செனட்டர் என்ற தகுதிக்கு எழுத்துப்பூர்வமான உரிமை தரும் ஓரிடம், அவையில் உள்ள மர மேசைகள். செனட் தீர்மானங்களின்படி டேனியல் வெப்ஸ்டரின் மேசை நியூ ஹாம்ப்ஷயரின் மூத்த செனட்டருக்கும், ஜெஃபர்சன் டேவிஸின் மேசை மிசிசிப்பியின் மூத்த செனட்டருக்கும், ஹென்றி கிளேயின் மேசை கென்டக்கியின் மூத்த செனட்டருக்கும் உரியவை. மற்றபடி இருக்கைத் தேர்வும் அலுவலகத் தேர்வும் முழு அவை வரிசைப்படி நடக்கும். தேர்தலுக்குப் பின் ரஸ்ஸல், டர்க்சன், ஹார்ட் ஆகிய மூன்று அலுவலகக் கட்டடங்களில் காலியாகும் அறைகள் வரிசையில் மேலே இருப்பவரிடமிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக் கீழே வரும். ஒருவர் மாறினால் அவர் விட்ட அறை மறுபடி பட்டியலுக்கு வரும். அதனால்தான் புதியவர்கள் மாதக்கணக்கில் தற்காலிக அறைகளில் ஊழியர்களை நெருக்கி உட்காரவைத்து வேலை பார்க்கிறார்கள்.

குழுவுக்குள்: அதிகாரம் இருக்கும் இடம்

எந்த மசோதாவை விசாரணைக்கு எடுப்பது, எந்த நீதிபதி நியமனத்தை எப்போது வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது, யாரைச் சாட்சியாக அழைப்பது என்பவற்றைக் குழுத் தலைவர் தீர்மானிக்கிறார். அந்தத் தலைவர் யார் என்பதைத்தான் குழு மூப்பு ஏறத்தாழ முடிவு செய்கிறது.

கணக்கு எளிது. குறிப்பிட்ட குழுவில், ஒரே கட்சிக்குள், இடைவெளி இல்லாமல் யார் அதிக காலம் இருக்கிறார்? பெரும்பான்மைக் கட்சியில் அவர் தலைவர்; சிறுபான்மைக் கட்சியில் அவர் அக்கட்சியின் முதன்மை உறுப்பினர். செனட்டில் முப்பது ஆண்டு இருந்தவரும் ஒரு குழுவுக்குப் புதிதாகப் போனால் அங்கே அடிவரிசைதான். ஒரே நாளில் இருவர் குழுவில் சேர்ந்தால் மட்டும் முழு அவை மூப்பு பார்க்கப்படும். எனவே ஒரு செனட்டர் குழு மாறுவது பெரிய முடிவு. இருக்கும் படிகளை விட்டுவிட்டு வேறோர் ஏணியின் அடியில் போய் நிற்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1846 டிசம்பரில் கட்சிகள் குழு உறுப்பினர் பட்டியலைத் தாங்களே தயாரித்து அவையின் ஒப்புதலுக்கு வைக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு தலைவர் பதவிக்கும் தனித்தனியாக வாக்கெடுக்கும் தொல்லையைத் தவிர்க்க இந்த ஒழுங்கு வேரூன்றியது. கட்சி தந்தது என்பதால் கட்சி பறிக்கவும் முடியும். சான்டோ டொமிங்கோவை (இன்றைய டொமினிக்கன் குடியரசு) அமெரிக்காவுடன் இணைக்கும் அதிபர் கிராண்ட்டின் திட்டத்தை எதிர்த்த சார்ல்ஸ் சம்னரை, அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியே 1871-இல் வெளியுறவுக் குழுத் தலைமையிலிருந்து இறக்கியது.

1952-இல் ஐசன்ஹோவருடன் முரண்பட்டுக் குடியரசுக் கட்சியை விட்டு விலகினார் ஆரெகனின் வேய்ன் மோர்ஸ். 1953 ஜனவரியில் ஒரு மடக்கு நாற்காலியை அவைக்குள் தூக்கிவந்து நடைபாதையில் போட்டு, எந்தக் கட்சியின் பக்கமும் தனக்கு இடமில்லை என்று காட்டினார். அவரிடமிருந்து ராணுவக் குழு, தொழிலாளர் குழு இரண்டும் பறிபோயின. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜனநாயகக் கட்சிக்கு அவர் வாக்கு அவசியப்பட்டது. வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. மறுபுறம், தர்மண்ட் 1964-இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குப் போனபோது புதிய கட்சி அவரது மூப்பை மதித்து ஏற்றுக்கொண்டது. 2006-இல் உட்கட்சித் தேர்தலில் தோற்றுச் சுயேச்சையாக வென்ற ஜோ லீபர்மன், 51-49 என்றிருந்த அவையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மையையே கையில் வைத்திருந்தார். மூப்பு குலையாமல் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவரானார்.

ஆர்லன் ஸ்பெக்டரின் கதை இதற்கு நேர்மாறு. 1981 முதல் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர். நீதித்துறைக் குழுவில் கட்சியின் முதன்மை உறுப்பினர். 2009 ஏப்ரல் 28 அன்று ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். உங்கள் மூப்பு அப்படியே இருக்கும் என்று கட்சித் தலைவர் ஹாரி ரீட் உறுதியளித்ததாக அவர் நம்பினார். ஆனால் அந்த உறுதி நிறைவேறினால் பின்னுக்குப் போகப்போகிறவர்கள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த ஜனநாயகக் கட்சியினர். ஒரு வாரத்தில், மே 5 அன்று, அவரைக் குழுக்களின் அடிவரிசையில் வைக்கும் தீர்மானம் அவையில் நிறைவேறியது. முழு அவை வரிசையில் அவரது இடம் ஒரு படிகூட இறங்கவில்லை. 1981-இல் தொடங்கிய பணி தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. குழுவில் மட்டும் அவர் நேற்று வந்தவர். மூப்பு வரிசை வெறும் பட்டியலாகவும் இருக்க முடியும், அதிகாரமாகவும் இருக்க முடியும் என்ற வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

ஆனால் பொதுவாகச் செனட்டர்கள் இந்த விதியைப் பிடிவாதமாகக் காக்கிறார்கள், தங்கள் விருப்பத்துக்கு எதிராகக்கூட. 1985-இல் வெளியுறவுக் குழுத் தலைமை காலியானபோது மூத்தவர் வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். புகையிலை விவசாயிகளுக்குக் கொடுத்த தேர்தல் வாக்குறுதிக்காக அவர் வேளாண் குழுவிலேயே தங்கிவிட, இண்டியானாவின் ரிச்சர்ட் லூகர் வெளியுறவுக் குழுத் தலைவரானார். 1986 தேர்தலில் குடியரசுக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. உடனே ஹெல்ம்ஸ் வெளியுறவுக் குழுவின் முதன்மை உறுப்பினர் இடம் தனக்கே என்றார். இருவரும் அந்தக் குழுவுக்கு ஒரே நேரத்தில் வந்தவர்கள். ஹெல்ம்ஸ் 1973 முதலும் லூகர் 1977 முதலும் செனட்டில் இருப்பவர்கள். லூகர் நல்ல தலைவர் எனப் பெயரெடுத்தவர், குழுவின் கட்சி உறுப்பினர்கள் அவர் பக்கம். ஆனாலும் 1987 ஜனவரியில் கட்சியின் முழுக் கூட்டத்தில் 24-17 என்று ஹெல்ம்ஸ் வென்றார். ஹெல்ம்ஸின் அரசியலை வெறுத்த மிதவாதிகள் சிலரும் அவருக்கே வாக்களித்தார்கள். இன்று லூகருக்காக விதியை வளைத்தால் நாளை தங்களுக்கு எதிராகவும் வளைக்கப்படும் என்ற கணக்கு அது. கட்சித் தலைமை தன் விருப்பப்படி தலைவர்களை நியமிக்கத் தொடங்கினால் மிதவாதிகளே முதல் பலியாவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதியவர்களுக்கு வழிவிட்ட முக்கிய மாற்றம் லிண்டன் ஜான்சனுடையது. 1953-இல் நான்கே ஆண்டு அனுபவத்தில் ஜனநாயகக் கட்சியின் அவைத் தலைவரானவர் அவர். கட்சித் தலைமைக்கு மூப்பு தேவையில்லை என்பதற்கு அவரே சான்று. எந்த மூத்தவருக்கும் இரண்டாவது பெரிய குழு கிடைப்பதற்கு முன், கட்சியின் ஒவ்வொரு செனட்டருக்கும் ஒரு பெரிய குழுவாவது கிடைக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டே புதியவரான மைக் மான்ஸ்ஃபீல்ட் வெளியுறவுக் குழுவில் உட்கார்ந்தார். குடியரசுக் கட்சியும் பின்னர் இதே வழிக்கு வந்தது. 2004-இல் அந்தக் கட்சி மேலும் ஒரு படி போய், முதல்நிலைக் குழுக்களின் காலியிடங்களில் பாதியை நிரப்பும் அதிகாரத்தைத் தன் அவைத் தலைவரிடம் கொடுத்தது.

யார் விலை கொடுத்தார்கள்

போட்டி இல்லாத மாநிலத்திலிருந்து வருபவருக்கே மூப்பு முறை சாதகம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரே கட்சி ஆட்சி. கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே நடைமுறையில் இல்லை. அங்கே ஜனநாயகக் கட்சியின் செனட்டராக ஒருமுறை வந்தவர் சாகும்வரை அசையமாட்டார். அதனால் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெறும்போதெல்லாம் முக்கியக் குழுக்கள் தென்மாநிலத்தவர் கைக்குப் போயின. மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் 1956 முதல் 1978 வரை 22 ஆண்டுகள் நீதித்துறைக் குழுத் தலைவர். இனப் பாகுபாட்டை ஒழிக்க வந்த குடிமை உரிமை மசோதாக்கள் போய்ச்சேர வேண்டிய குழு அது. அங்கே போனவை பெரும்பாலும் வெளியே வரவில்லை. வாக்களிக்க விடாமல் ஒரு சமூகத்தைத் தடுத்து, அந்தத் தடையால் கிடைத்த நீண்ட பதவிக்காலத்தை வைத்தே அவர்களுக்கு வாக்குரிமை தரும் சட்டத்தையும் தடுக்க முடிந்தது. இந்த முறையின் மேல் வைக்கக்கூடிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான். முதியவர்கள் ஆள்கிறார்கள் என்ற வழக்கமான புகாரெல்லாம் இதன் முன் சிறியது.

ஈஸ்ட்லாண்டைத் தாண்டிப் போக அவை நேரடியான வழி ஒன்றைக் கண்டது. 1964 பிப்ரவரியில் மான்ஸ்ஃபீல்ட், பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி வந்த குடிமை உரிமை மசோதாவைக் குழுவுக்கு அனுப்பாமல் நேராக அவையின் அலுவல் பட்டியலில் வைத்தார். 54-37 என்று அவை ஏற்றது. மறு ஆண்டு வாக்குரிமை மசோதாவைக் குழுவுக்கு அனுப்பினார்கள், ஏப்ரல் 9-க்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கெடுவுடன். மூப்பு விதியை யாரும் தொடவில்லை; அந்த மூப்பு காவல் காத்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சிறிய, ஏழை மாநிலங்கள் இதே முறையை வேறு கண்ணால் பார்க்கின்றன. மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பைர்ட், ஹவாயின் டேனியல் இனோயே, அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ் மூவரும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர்களாக இருந்து தங்கள் மாநிலங்களுக்குச் சாலையும் மருத்துவமனையும் மத்திய அரசு அலுவலகங்களும் கொண்டுவந்தவர்கள். பைர்ட் 1989-இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பதவியைவிட இந்தக் குழுத் தலைமையே மேல் என்று மாறிக்கொண்டார். மக்கள்தொகை குறைந்த மாநிலத்தின் வாக்காளருக்கு, இருபது ஆண்டு மூப்புள்ளவரைத் தோற்கடிப்பது என்றால் அந்த வரிசையின் அடியில் மறுபடி தொடங்குவது. 2014-இல் மிசிசிப்பியின் தாட் காக்ரன் உட்கட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தப்பித்ததற்குக் காரணங்களில் ஒன்று, அவர் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைமைக்கு மீண்டும் வர இருந்தது.

அதிபர் பதவிக்கு மூன்றாவது இடம்

துணை அதிபர் இல்லாதபோது அவையை நடத்த ஒரு தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்த இடம் பெரும்பான்மைக் கட்சியின் மிக மூத்த செனட்டருக்குப் போவது மரபாகிவிட்டது. சடங்குப் பதவியாக இருந்தால் இதில் பிழையில்லை. ஆனால் 1947-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி, துணை அதிபர், பிரதிநிதிகள் சபைத் தலைவர் இருவருக்கும் அடுத்து அதிபராக வேண்டியவர் இவர்.

1963 நவம்பர் 22 அன்று கென்னடி கொல்லப்பட்டு ஜான்சன் அதிபரானபோது துணை அதிபர் இடம் காலியானது. அதை நிரப்ப அன்று சட்டத்தில் வழியே இல்லை. அடுத்த இடத்தில் 71 வயது ஜான் மெக்கார்மக், அவருக்கு அடுத்து 86 வயது கார்ல் ஹேடன். ஜான்சனுக்கு முன்பே இதய நோய் உண்டு. நாடு இதைக் கண்டு பதறியதன் விளைவுகளில் ஒன்று, துணை அதிபர் இடத்தை நிரப்ப வழிசெய்த 1967-இன் 25-ஆவது திருத்தம். செனட் மட்டும் தன் மரபை மாற்றிக்கொள்ளவில்லை. 2001-இல் தர்மண்ட் 98 வயதில் அந்தப் பதவியில் இருந்தார். 2023-இல் மரபுப்படி வரவேண்டிய ஃபைன்ஸ்டைன் விலகிக்கொள்ள, பேட்டி மர்ரே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணானார். 2025 ஜனவரியில் 91 வயது கிராஸ்லி மீண்டும் அங்கே வந்தார். மூப்புக்கு மரியாதை செய்ய மேசையும் அறையும் போதும். வாரிசு வரிசையை இதனுடன் கட்டிவைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைத் திருத்த அரசமைப்பைத் தொட வேண்டியதில்லை. சாதாரணச் சட்டத் திருத்தமே போதும்.

குழுத் தலைமைக்கு ஒரு வரம்பாவது வந்திருக்கிறது, ஒரு கட்சியில் மட்டும். 1995 மார்ச்சில், அரசின் செலவு வரவைத் தாண்டக் கூடாது என்ற அரசமைப்புத் திருத்தம் தோற்றபோது எதிர்த்து வாக்களித்துவிட்டார் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாட்ஃபீல்ட். அவரை நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைமையிலிருந்து நீக்க இளையவர்கள் கேட்டார்கள். கட்சி மறுத்தது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து புதிய விதி பிறந்தது. 1997 முதல் குடியரசுக் கட்சியினர் ஒரு குழுவில் ஆறு ஆண்டுகள்தான் தலைவராக இருக்கலாம். முதன்மை உறுப்பினராக ஆறு ஆண்டுகள் தனி. குழுவின் கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தலைவரை உறுதி செய்ய வேண்டும். ஜனநாயகக் கட்சியில் இப்படிப்பட்ட ஆண்டு வரம்பு இல்லை. அங்கே ஒருவரை விலக்கச் சக உறுப்பினர்களின் அழுத்தம்தான் முக்கியக் கருவி. 2020 நவம்பரில் ஃபைன்ஸ்டைன் நீதித்துறைக் குழுவின் முதன்மை இடத்தை விட்டுக்கொடுத்தது அப்படித்தான்.

குடியரசுக் கட்சி விதியிலும் ஒரு நெகிழ்வு உண்டு. கடிகாரம் குழுவுக்குக் குழு தனித்தனி. தலைமையில் இல்லாத ஆண்டுகளில் அது நின்றுவிடும். கிராஸ்லி 2015 முதல் நான்கு ஆண்டுகள் நீதித்துறைக் குழுத் தலைவர். பிறகு 2019-இல், முன்பே பல ஆண்டுகள் தலைமை வகித்த நிதிக் குழுவில் மிச்சமிருந்த இரண்டு ஆண்டுகளுக்காக அங்கே மாறினார். 2025-இல் கட்சி பெரும்பான்மைக்குத் திரும்பியதும், நீதித்துறைக் குழுவில் தனக்கு மீதமிருந்த இரண்டு ஆண்டுகளுக்காக மறுபடி வந்து அமர்ந்தார்.